இடைவேளையில் எழுந்து போனவர்கள்

என் தங்கை சந்தியா வெள்ளிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு தியேட்டர் வாசலில் நிற்பாள். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, திருப்பதியில் உள்ள ஒரு யூடியூப் சேனலில் போடுவது அவள் வேலை. எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பப்ளிக் டாக். படம் ஓடுமா ஓடாதா என்பதை இப்போதெல்லாம் ஜனங்கள் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் தமிழ், பஸ் ஏறினால் தெலுங்கு. வீட்டுக்கு ஒரு மாடாவது இருக்கும். நான் பால் சொசைட்டிக்குக் கேன் ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டாவது வரை தமிழ் மீடியம். இங்கே எழுதியிருப்பதில் பெரும்பாலானது நான் கண்ணால் பார்த்தது. பார்க்காததை சம்பந்தப்பட்டவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

சந்தியா திருப்பதியில் டிகிரி முடித்ததும் அந்தச் சேனல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடியோவின் முகப்புப் படத்தின் மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் பெரிய பெரிய எழுத்தாக ஒட்டும் வேலை. 'அதிர்ச்சி', 'கண்ணீர்', 'நடந்தது என்ன' என்று நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மைக் பிடிக்கிற ஆளுக்குக் கல்யாணம். வேறு ஆள் இல்லாமல் இவளை அனுப்பினார்கள். அன்றைக்கு ஒரு பேய்ப் படம். கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு அம்மாள் படம் முடிந்து வெளியே வந்தார்.

"எந்த இடத்துல பயந்தீங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள் சந்தியா.

"பேயி பரவால்லம்மா. அந்த வூட்டுக்கு வாடகை சொன்னான் பாரு, அங்கதான் எனக்குக் கை காலு நடுங்கிடுச்சி."

அந்த ஒரு வாக்கியத்தை ஊர் ஊராகப் பார்த்தார்கள். மைக் அவள் கைக்கு வந்தது அப்படித்தான்.

மற்ற சேனல்காரர்கள் எல்லோரும் "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். பதிலும் தயாராக இருக்கும். முதல் பாதி சூப்பர், இரண்டாவது பாதி கொஞ்சம் இழுவை, ஒரு தடவை பார்க்கலாம். படம் பார்க்காதவன்கூட இதைச் சொல்லிவிடலாம். சந்தியா அப்படிக் கேட்பதில்லை. சிரிப்புப் படம் என்றால் எங்கே சிரித்தீர்கள் என்பாள், சோகப் படம் என்றால் எங்கே கண் கலங்கியது என்பாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். எதிரில் நிற்பவர் கொஞ்ச நேரம் முழிப்பார். பிறகு அந்த இடம் ஞாபகம் வந்து மறுபடி சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் அவள் பிடிப்பாள்.

இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவள் முதலாளி ஹரிபிரசாத்துக்கு நாளாக நாளாகப் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, ஆபீஸ் நடத்த வேண்டியவர். பெரிய ஹீரோ படத்துக்கு இன்னொரு ஆளை அனுப்பினால் சட்டையைக் கிழித்துக்கொண்டு கத்துகிற கூட்டம் கிடைக்கிறது. அதை லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். சந்தியா அனுப்புவதில் வயசானவர்கள் யோசித்து யோசித்துப் பேசுகிறார்கள். அதைப் பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அந்த வாரம் ஒரு பெரிய ஹீரோ படமும், தெலுங்கில் டப் செய்த ஒரு மலையாளக் கிராமத்துச் சிரிப்புப் படமும் ஒரே நாளில் வெளியாயின. ஹரிபிரசாத் அவளைக் கூப்பிட்டார். அவர் பேசுவது தெலுங்கு. சந்தியா என்னிடம் சொன்னபடி தமிழில் எழுதுகிறேன்.

"அந்த மலையாளப் படம் புத்தூர்ல போட்டிருக்காங்க. உங்க ஊர்ப் பக்கம்தானே, நீ போ. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஜனங்க பாக்கற மாதிரி ஒரு வீடியோ வரணும். வரலைன்னா திங்கட்கிழமையிலிருந்து நீ பழைய சீட்டுல உட்கார்ந்து எழுத்து ஒட்டு. மைக்கை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். கோவிச்சுக்காதேம்மா, எனக்கும் வேற வழி இல்ல."

வெள்ளிக்கிழமை மதியம் அவள் புத்தூர் தியேட்டர் வாசலில் நின்றாள். உள்ளே போனவர்களை விட வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதிகம். வெளியே வந்த நாலைந்து பேரும் "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் பாராட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்கள். ஒருவர் மட்டும் நின்று, "மாடு நல்லா நடிச்சுது" என்றார். எங்கே சிரித்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஏசி ஓடலை, சிரிக்கத் தோணல" என்று போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் முகத்தைக்கூடக் கழுவவில்லை. எங்கள் வீட்டுப் பாலை எடுத்துக்கொண்டு நேராகச் சொசைட்டி வரிசையில் போய் நின்றாள். நான் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் அவளுக்கு முன்னால் கிருஷ்ணம்மா அத்தை. ஊரில் நன்றாகக் கறக்கிற இரண்டு மாடு அவர்களுடையது. ஒன்றை அத்தையும் இன்னொன்றை அவர் மருமகள் ஷோபாவும் கறப்பார்கள். அத்தை பால் ஊற்றும் இடத்தில் எப்போதும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

"இன்னாடி, மொகம் தொங்கிப்போய் கீது? படம் ஓடலியா?"

"யாரும் வரல அத்தே. நல்ல படம். ஒரு மாட்டு மேல சண்டை."

"மாடா?" அத்தை திரும்பினார். "இன்னா மாடு?"

"பகல் முழுக்க ஒரு வூட்டுத் தோட்டத்துல மேயுது. பொழுது சாய்ஞ்சா பக்கத்து வூட்டுக் கொட்டாயில போயி படுத்துக்குது. பாலு யாருக்குன்னு ரெண்டு வூட்டுக்கும் சண்டை."

வரிசையே திரும்பிப் பார்த்தது. பாலின் கொழுப்பை அளக்கும் ஃபேட் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீராசாமி மாமா, "பாலு மேய்ச்சவனுக்குத்தான். இதுல இன்னா சண்டை?" என்றார். அவர் எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"யோவ், கட்டி வெச்சித் தவுடு வெக்கறது யாரு? அவளுக்குத்தான்" என்றார் கிருஷ்ணம்மா அத்தை.

"தோட்டத்துப் புல்லு ஓசியா?"

"கொட்டாயி ஓசியா?"

பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.  என் தங்கை கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "நாளைக்கு மேட்னி வாங்க அத்தே, எல்லாரும். அண்ணன் ஆட்டோ வரும்" என்றாள். நான் வருவேனா என்று என்னைக் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் என் ஆட்டோவில் கேன்களுக்குப் பதிலாகப் பெண்கள். பின்னால் இன்னும் இரண்டு ஆட்டோ. வீராசாமி மாமா "எனக்கு வேல கீது" என்று சொல்லிக்கொண்டே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தியேட்டர் மேனேஜர் சிட்டிபாபு இவ்வளவு பேர் இறங்குவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். இன்னும் யாராவது வருவார்கள் என்று நினைத்து, இரண்டு மணி ஷோவை நேரத்துக்குத் தொடங்காமல் தள்ளிப்போட்டார். யாரும் வரவில்லை. படம் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

நானும் சந்தியாவும் வாசலிலேயே இருந்தோம். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு மொத்தமாக. நடுவில் கிருஷ்ணம்மா அத்தையின் குரல் தனியாகக் கேட்டது: "அய்ய, கயித்த அப்பிடியா கட்டுவாங்க!" மறுபடி சிரிப்பு. சந்தியா மைக்கைத் துடைத்து வைத்துக்கொண்டாள். வேறொரு சேனல்காரப் பையனும் வந்து நின்றான். ஹீரோ படத்துத் தியேட்டரில் இடம் கிடைக்காமல் வந்தவன் போலிருந்தது.

இடைவேளை மணி அடித்தது. கதவு திறந்தது. டீக்காக வருகிறார்கள் என்று நினைத்தோம். அவர்கள் டீக்கடைப் பக்கமே திரும்பவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக, வேகவேகமாக ஆட்டோக்களை நோக்கி வந்தார்கள்.

"இன்னா அத்தே, எங்க போறீங்க?"

"மணி இன்னா ஆச்சின்னு பாத்தியாடி? மாடு கத்திக்கினு கீதும்! வண்டிய எடு நைனா!"

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சொசைட்டிக்குப் பால் வண்டி ஐந்து மணிக்கு வரும். நாலு மணிக்குள் மடியில் கை வைத்தாக வேண்டும். எங்கள் ஊரில் யாரும் மேட்னி பார்ப்பதே இல்லை. காலை ஆட்டம் பார்ப்பார்கள், இல்லையென்றால் பால் ஊற்றிவிட்டு ஆறு மணி முதல் ஆட்டத்துக்குப் போவார்கள். மாட்டுக்கார ஊரில் பிறந்து, தினமும் பால் வரிசையில் நின்று வளர்ந்த இரண்டு பேருக்கு இது தோன்றாமல் போனதை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தச் சேனல்காரப் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவன் எதையும் கேட்காமல், கூட்டம் ஓடுவதை மட்டும் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் அது போனில் வந்துவிட்டது. 'இடைவேளையிலேயே ஓட்டம்! தியேட்டர் காலி!' எழுத்து சிவப்பிலும் மஞ்சளிலும்தான் இருந்தது.

சிட்டிபாபு அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சும்மா. முதல் ஆட்டத்துக்கு இந்தப் படத்தை எடுத்துட்டு அந்த ஹீரோ படத்தைப் போட்டுடறேன்" என்றார். சந்தியாவின் போன் அடித்தது. ஹரிபிரசாத்.

"என்னம்மா இது? நீ கூட்டிட்டு வந்த ஜனங்களே ஓடறாங்களாமே?"

"ஓடல சார். பால் கறக்கப் போறாங்க."

"எதைச் சொன்னாலும் நம்பறதுக்கு நான் என்ன..." என்று ஆரம்பித்தவர், "சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்று வைத்துவிட்டார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏறியிருந்தவர்கள் வண்டி கிளம்பாததைக்கூடக் கவனிக்காமல் கத்திக்கொண்டிருந்தார்கள். கேட்டால், படத்தைப் பற்றி. பஞ்சாயத்துத் தீர்ப்புக்கு முந்தின ராத்திரி மாடு காணாமல் போய்விடுகிறது. அந்த இடத்தில் இடைவேளை விட்டிருக்கிறார்கள். மாட்டை யார் கொண்டுபோனது என்று இவர்களுக்குள் சண்டை. சந்தியா ஒரு நிமிஷம் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ண்ணா, நானும் வரேன். நேரா கிருஷ்ணம்மா அத்தை வூட்டுக்கு வுடு."

வண்டியில் அவளுக்கு இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.

அத்தை வீட்டுக் கொட்டகையில் இரண்டு மாடுகளும் நிஜமாகவே கத்திக்கொண்டிருந்தன. அத்தை ஒரு மாட்டுக்கும், ஷோபா அடுத்த மாட்டுக்கும் உட்கார்ந்தார்கள். இருவரும் முதுகோடு முதுகாக. பாத்திரத்தில் பால் இறங்குகிற சத்தம் சர் சர்ரென்று வந்தது. சந்தியா கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, நடுவில் தரையில் குந்தி மைக்கை நீட்டினாள்.

"மாடு எங்க போச்சு அத்தே?"

"எங்கியும் போவல. அந்தப் பக்கத்து வூட்டுக்காரி மருமவ கீறாளே, அவதான் எங்கியோ ஓட்டிக்கினு போயி கட்டி வெச்சிட்டா. அவ மூஞ்சியே சொல்லுது."

பின்னாலிருந்து ஷோபாவின் குரல் வந்தது. "ஊர்ல எது காணாம பூட்டாலும் மருமவதானா?"

"நான் படத்துல வர்ற மருமவள சொன்னேன்மா."

"தெரியுது, தெரியுது."

"தெரிஞ்சா சரி."

"பாவம், அவ காலைல எய்ந்து சாணி அள்றா, தண்ணி காட்றா. மாமியாகாரி கட்டில்ல குந்திக்கினு வெத்தல போட்றா. அவ எப்ப மாட்ட ஓட்டிக்கினு போவா?"

"வெத்தல போட்டா தப்பா? ஏண்டி, நீ படம் பாத்தியா, மாமியாரப் பாத்தியா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

கேமராவுக்குப் பின்னால் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தியா சிரிக்கவில்லை. மைக்கை அந்தப் பக்கம் நீட்டினாள். "அப்ப மாடு எங்க போச்சு ஷோபா?"

"தானா போயிருக்கும். மின்ன வித்தவன் வூட்டுக்கே போயிருக்கும். எங்க நைனா ஒரு தபா சந்தையில ஒரு மாட்ட வித்துட்டு வந்தாரு. ரெண்டு நாளு கழிச்சி காலைல கதவத் தெறந்தா வாசல்ல நிக்குது, எங்க நீங்கல்லாம்னு கேக்கற மாதிரி."

"அதெல்லாம் ஒங்க ஊரு மாடு. சினிமா மாடு அப்பிடி போவாது" என்று அத்தை தீர்த்துவிட்டார். இவ்வளவுக்கும் இரண்டு பேரும் ஒரு சொட்டு கீழே சிந்தாமல் கறந்து முடித்து எழுந்தார்கள்.

சொசைட்டி வரிசையில் அந்தச் சண்டை பெரிதாகிவிட்டது. மேட்னிக்கு வராதவர்கள் எல்லாம் கதையைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். வீராசாமி மாமா பஞ்சாயத்துப் பிரசிடெண்டுதான் திருடன் என்றார். "தீர்ப்பு சொல்லத் தெரியாதவன் மாட்டையே ஒளிச்சிட்டான். நம்ம ஊர்லயே பாத்துக்கீறேனே" என்று குரலை உயர்த்தினார். முதல் பாதி முழுக்க அவர் தூங்கினார் என்று பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள்.

"தூங்கிக்கினே கண்டுபுடிச்சிட்டீங்களா மாமா?" என்றாள் சந்தியா.

"காது முழிச்சிக்கினுதாம்மா இருந்துது."

சொசைட்டிக்குப் பக்கத்து அம்மன் கோயில் மதில் மேல் உட்கார்ந்து சந்தியா வீடியோவைச் சேர்த்தாள். எதையும் திருகவில்லை. முதலில், இடைவேளையில் அவள் கேமராவிலும் பதிந்திருந்த, ஜனங்கள் தியேட்டரை விட்டு ஓடுவது. அடுத்து கிருஷ்ணம்மா அத்தை மாட்டடியில் உட்கார்ந்திருப்பது. பிறகு மாமியார் மருமகள் வழக்கு. கடைசியில் சொசைட்டி வரிசை மொத்தமும் கத்துவது. மேலே ஒரே ஒரு வரிதான் எழுதினாள்: 'மாடு எங்கே?'

அனுப்பிவிட்டுச் சிட்டிபாபுவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், முதல் ஆட்டத்துக்கு இதே படத்தை விடுங்க. ஜனங்க வராங்க."

"மேட்னியில வந்துட்டுப் போனதைத்தான் ஊரே பாத்துடுச்சேம்மா."

"மிச்சத்தைப் பாக்க வராங்க சார்."

"மிச்சமா? பாதிப் படத்துக்கு ஷோ போடற தியேட்டர் எங்கம்மா இருக்கு?"

கிருஷ்ணம்மா அத்தை போனைப் பிடுங்கினார். "யோவ் மேனேஜரு, நாங்க மொத்தமும் மறுபடி மொதல்லருந்து பாக்கறோம். எம் மருமவ ஒரு மாதிரி சொல்றா, நான் ஒரு மாதிரி சொல்றேன். இன்னிக்கே தெரிஞ்சாவணும். நாளைக்குன்னா இவ என்னத் தூங்க வுட மாட்டா."

சிட்டிபாபு அந்தப் பக்கம் யாரிடமோ சீட்டுக் கணக்குக் கேட்டார். பிறகு, "ஆறு மணிக்கு ஹால்ல பாதியாவது நிரம்பணும். இல்லன்னா ஹீரோ படம்தான். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றார்.

அதற்கப்புறம் நான் உட்காரவே இல்லை. பால் வண்டி போனதும் ஊருக்கும் புத்தூருக்குமாக ஓட்டினேன். கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது முறை ஆட்களோடு தியேட்டர் வாசலுக்கு வந்தபோது, எங்கள் ஊர் ஆட்களோடு எனக்குத் தெரியாத முகங்கள் நிறைய நின்றன. நாராயணவனத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒருவர் போனைக் காட்டி, "இந்தம்மா வந்திருக்காங்களா?" என்று என்னிடமே கேட்டார். போனில் கிருஷ்ணம்மா அத்தை கறந்துகொண்டிருந்தார். அத்தை அப்போது டிக்கெட் வரிசையில் இருந்தார், தலைக்குப் பூ வைத்துக்கொண்டு. அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

"நீங்க மாமியார் கட்சியா, மருமவ கட்சியா?" என்று அத்தை ஒவ்வொருவராகக் கேட்டார்.

சந்தியா படிக்கட்டில் நின்று உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டாள். சிட்டிபாபு வெளியே வந்து பால்கனி டிக்கெட்டும் கொடுக்கச் சொன்னார். அந்த வாரம் பால்கனி திறந்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஹரிபிரசாத் இறங்கினார். திருப்பதியிலிருந்து அவரே வந்துவிட்டார். சந்தியாவிடம் எதுவும் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், ஒரு டிக்கெட் வாங்கினார், உள்ளே போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "ண்ணா, திட்டவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்ல" என்றாள். குரல் மெலிந்திருந்தது.  வாசலில் வெறுமனே நிற்பதை விட உள்ளே போவது மேல் என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த ஆட்டத்தை நான் எப்படி எழுதுவது? மேட்னி பார்த்தவர்கள் ஒவ்வொரு சிரிப்பையும் முன்கூட்டியே சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் "சொல்லாதேம்மா" என்று கெஞ்சினார்கள். திரையில் அந்த மருமகள் வந்தபோதெல்லாம் ஒரு பக்கம் விசில், மறுபக்கம் "இவதான், இவதான்!" மலையாள ஊரில் எப்போது பார்த்தாலும் மழை, எங்கே பார்த்தாலும் பச்சை. "இத்தினி புல்லு கீது, ஆளுக்கொரு மாடு வாங்கிக்கினா இன்னா?" என்று யாரோ கத்த, ஹாலே அதிர்ந்தது. இடைவேளையில் ஒருவரும் வெளியே ஓடவில்லை.

இரண்டாவது பாதியில் ஊரே மாட்டைத் தேடுகிறது. மருமகளைச் சந்தேகப்படுகிறார்கள், அவளிடம் மாடு இல்லை. பிரசிடெண்டைச் சந்தேகப்படுகிறார்கள், அவரிடமும் இல்லை. வீராசாமி மாமா, "இருய்யா, பின்னாடி காட்டுவான்" என்றார். கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு. கதவு திறக்கிறது. வாசலில் மாடு. அதை முதலில் விற்ற ஆள் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்து முழிக்கிறார்.

 எங்கள் ஊர்ப் பெண்கள் மொத்தமாகத் திரும்பி ஷோபாவைப் பார்த்தார்கள். "ஷோபா! ஏய் ஷோபா!" என்று கத்தல் எழுந்தது. வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவள் பெயரைச் சொல்லி விசிலடித்தார்கள். திரையில் படம் ஓடுவதையே மறந்துவிட்டார்கள். ஷோபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கிருஷ்ணம்மா அத்தை அவள் முதுகில் ஒரு அடி போட்டார். "எம் மருமவ! எம் வூட்டு மருமவ!" என்று பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஆட்டம் முடிந்து வாசலில் சந்தியா மைக்கோடு நிற்பதற்குள் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் மைக்கைப் பிடுங்கினார்கள்.

"மாட்டுக்கு அவார்டு குடுக்கணும்."

"பால் யாருக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே, அது தப்பு."

"எங்க ஊட்டுக்காரருக்கு இந்தப் படத்தக் காட்டணும். மாட்ட விக்கறேன், விக்கறேன்னு சொல்லிக்கினே கீறாரு."

அந்தச் சேனல்காரப் பையனும் மைக்கோடு நின்றான். கிருஷ்ணம்மா அத்தை அவன் கையைப் பிடித்துவிட்டார். "நீதானே நாங்க படம் புடிக்காம ஓடிட்டோம்னு போட்டவன்?"

"இல்லம்மா, அது வந்து..."

"ஒனக்குக் காப்பிக்குப் பாலு எங்கருந்துப்பா வருது? பாக்கெட்டு மரத்துல காய்க்குதா? மாடு கறக்கப் போனோம்னு இப்பப் போடு. என் மூஞ்சியையும் சேத்துப் போடு, பூ வெச்சிக்கினு வந்துகீறேன்." அவன் தலையாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கினான். அன்றைக்கே அதையும் போட்டான் என்பதை நான் சரிபார்த்தேன்.

கூட்டத்தின் கடைசியில் ஹரிபிரசாத் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். சந்தியா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, மற்றவர்களிடம் எப்படியோ அப்படியே, அவரிடமும் மைக்கை நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போய் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "பல் துலக்கிட்டே முழிக்கறானே, அங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு மைக்கைத் தன் கையால் மூடிக்கொண்டு அவளிடம் சொன்னார்:

"அடுத்த வாரம் திருப்பதியில பெரிய தியேட்டர் உனக்கு. மைக்கை யாருக்கும் கொடுக்கறதா இல்ல."

சந்தியா உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பெரிய தியேட்டர் வேணாம் சார். புத்தூர், நகரி, காளஹஸ்தி, பலமனேர். இந்த ஊருங்க எல்லாம் எனக்குக் கொடுங்க. படம் முடிஞ்சு வாசல்ல மட்டும் நிக்க மாட்டேன். ஜனங்க எங்க போறாங்களோ அங்க போவேன்."

"மாட்டுக் கொட்டாய்க்கா?"

"சந்தைக்கு, தறிக்கு, எங்க வேணும்னாலும்."

ஹரிபிரசாத் கார்க் கதவில் கை வைத்தபடி யோசித்தார். "சரி. இந்தப் புரோகிராமுக்கு உன் பேரையே வெச்சுடு" என்றார்.

படம் புத்தூரில் இரண்டாவது வாரமும் ஓடியது. மேட்னியை மட்டும் சிட்டிபாபு ஒரு மணிக்கு மாற்றிவிட்டார். போர்டில் 'பால் கறக்கும் முன் முடியும்' என்று எழுதி வைத்தார். திங்கட்கிழமை சந்தியா ஆபீசுக்குப் போனாள். பழைய சீட்டுக்குக் கீழே வைத்திருந்த செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே இப்போது வேறொருவர் எழுத்து ஒட்டுகிறார்.

இந்த வெள்ளிக்கிழமை அவள் காளஹஸ்திக்குப் போகிறாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். மைக் பையைத் தூக்குகிறேன் என்றால் மட்டும் தர மாட்டாள்.